கண் வீங்கிய கோழி: புறக்கடைக் கோழிகளின் கண்நோய்களை அறிதலும் மருத்துவமும்

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே அமைந்த ஆமத்தூரிலும் அதைச் சூழ்ந்த கரிசல் ஊர்களிலும் கோழி வளர்ப்பு என்பது பெரும்பாலும் பகலில் தெருவிலும் வேலியோரத்திலும் மேய்ந்து, இரவில் பஞ்சாரத்திலோ சுவரோரக் கூட்டிலோ அடையும் சில பறவைகளைக் குறிக்கும். வீட்டிலுள்ளோர் பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ காலையில் சென்று பொழுது சாயும் வேளையில் திரும்புவதால், இப்பறவைகள் மனிதர் பார்வையில் படும் நேரம் திறந்துவிடும் நேரமும் அடைக்கும் நேரமும் மட்டுமே. பகல் முழுவதும் ஒரு கண்ணை மூடியபடி நின்ற கோழி, இரை தேடாமல் இரைப்பை வெறுமையாக மாலையில் வந்து அடையும்போதுதான் நோய் தெரியவருகிறது. பல வீடுகளில் அது இரண்டு நாள் தாமதமாகத்தான் தெரியவருகிறது. ஆகவே அந்த இரு நேரங்களிலும் எதைப் பார்க்க வேண்டும், பார்த்ததைக் கொண்டு எதை முடிவு செய்ய வேண்டும் என்பதை முன்வைத்தே இவ்வதிகாரம் அமைகிறது.

கோழியின் கண்ணில் தோன்றும் நோய்களில் பெரும்பாலானவை கண்ணில் தொடங்குவதில்லை. மூச்சுப்பாதையிலோ, கொசு கடித்த தோலிலோ, தீவனக் குறையிலோ, கூட்டுத் தரையின் ஈரத்திலோ தொடங்கிய ஒன்று கண்ணில் வந்து வெளிப்படுகிறது. இதை உணராமல், கண் வீங்கிய எல்லாக் கோழிக்கும் மருந்துக்கடையில் கிடைக்கும் ஒரே சொட்டு மருந்தை விடுவதே இன்று பரவலாகக் காணப்படும் வழக்கம். சில வேளைகளில் அது பயனளிப்பதுபோல் தோன்றினாலும், பெரும்பாலும் அந்தக் கோழி தானாகவே தேறியிருக்கும். அல்லது நோய் அதற்குள் மற்றக் கோழிகளுக்குப் பரவியிருக்கும்.

கண்ணின் அமைப்பு

கோழிக்கு மேலிமை, கீழிமை என்ற இரண்டோடு, அலகுப் பக்கத்து மூலையிலிருந்து குறுக்காக ஓடி விழியைத் துடைக்கும் மெல்லிய மூன்றாம் இமை ஒன்றும் உண்டு. அதன் பின்புறம் ஹார்டர் சுரப்பி என்ற சுரப்பி அமைந்துள்ளது. கண்ணீரின் ஒரு பகுதியைச் சுரப்பதோடு, நோய் எதிர்ப்புப் புரதங்களையும் அது உருவாக்குகிறது; வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தைக் குஞ்சின் கண்ணில் சொட்டாக விடுவதற்கு இதுவே காரணம். கண்ணிலிருந்து வடியும் நீர் ஒரு நுண்குழாய் வழியாக மூக்கறையை அடைந்து, அங்கிருந்து மேலண்ணத்திலுள்ள நீண்ட பிளவின் வழியே வாய்க்குள் இறங்குகிறது. கண்ணுக்குக் கீழே, கன்னத்தின் தோலுக்கு அடியில், மூக்கறையோடு இணைந்த காற்றறை ஒன்று இருக்கிறது. அதன் வெளிச்சுவர் எலும்பாக இல்லாமல் தோலும் தசையுமாக இருப்பதால், உள்ளே சளி தேங்கியவுடன் கன்னம் புடைத்துக் கண்ணை மேல்நோக்கித் தள்ளுகிறது. மக்கள் “கண் வீங்கிவிட்டது” என்று சொல்லும் பல கோழிகளில் கண் நலமாகவே இருக்க, வீங்கியிருப்பது இந்தக் காற்றறைதான்.

பறவைகளின் சீழைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். மனிதரின் வெள்ளை அணுக்களில் உள்ள, சீழை இளக்கி நீர்மமாக்கும் நொதிப்பொருள் பறவைகளின் அணுக்களில் இல்லாமையால், கோழியின் சீழ் வடிவதில்லை. நன்கு பிழிந்த தயிர்க்கட்டிபோல் மஞ்சள் கலந்த வெண்ணிறத்தில் இறுகிவிடுகிறது. இமைகளுக்கு அடியில் அக்கட்டி தங்கியிருக்கும்வரை எத்தகைய சொட்டு மருந்தும் விழியைச் சென்றடைவதில்லை.

முதலில் எழுப்ப வேண்டிய கேள்விகள்

பஞ்சாரத்தைத் தூக்கும்போது ஒரு கோழி கண்ணை மூடி நின்றால், அது ஒரு கண்ணா இரு கண்களா, ஒரு கோழிக்கு மட்டுமா பலவற்றுக்கா, முகத்தில் நாற்றம் உண்டா இல்லையா என்பவற்றை முதலில் அறிய வேண்டும். ஒரு கோழி, ஒரு கண், நாற்றமின்மை ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் காயமோ அந்நியப் பொருளோ இருக்கவே வாய்ப்பு மிகுதி. பல கோழிகள், இரு கண்கள் என்றால் காற்றிலோ தீவனத்திலோ குறை தேட வேண்டும், அல்லது தொற்றுநோயை ஐயுற வேண்டும். இதன் பின்னர் கோழியைப் பழைய துண்டில் இறக்கைகள் அடங்கச் சுற்றி, வெளிச்சத்தில் பிடித்து, மூக்குத் துளைகளில் சளி காய்ந்திருக்கிறதா, வாயைத் திறந்தால் மேலண்ணத்தில் வெண்படலமோ கொப்புளமோ உண்டா, கொண்டையிலும் தாடியிலும் முண்டுகள் உண்டா என்று பார்ப்பது, கண்ணை மட்டும் பார்ப்பதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

முள், கொத்து, புழு

இவ்வட்டாரத்தின் தரிசுகளிலும் கண்மாய்க் கரைகளிலும் மண்டிக் கிடக்கும் சீமைக்கருவேலத்தின் அடியில் கோழிகள் நிழலுக்கும் பூச்சிக்குமாக நாள் முழுவதும் கிளறுவதால், முள் கீறிய கண் இங்கே அரிதன்று. சேவல்கள் மோதிக்கொள்வதாலும், தாய்க்கோழி பிறிதொன்றின் குஞ்சைக் கொத்துவதாலும் காயம் ஏற்படும். விழியின் முன்புறக் கண்ணாடிப் படலம் கீறப்பட்டிருந்தால் அவ்விடம் பால் தெளித்ததுபோல் வெளுத்துத் தெரியும். ஒளியைக் கண்டதும் பறவை கண்ணை இறுக மூடிக்கொள்ளும். அக்கண்ணைக் கழுவி, நிழலில் தனியே வைத்து, நுண்ணுயிர்க்கொல்லி கலந்த கண் களிம்பை மருத்துவர் சொல்லும் அளவில் இட்டுவந்தால் சில நாட்களிலேயே தேற்றம் தெரியும். ஆடி மாத மேல்காற்றில் பறக்கும் கரிசல் புழுதியும் கண்ணை உறுத்துமாயினும், கோழி தன் மூன்றாம் இமையாலேயே அதைத் துடைத்துவிடுவதால் பெரும்பாலும் மருத்துவம் தேவைப்படுவதில்லை.

கண்புழு என்பது மூன்றாம் இமையின் அடியில் வாழும் வெண்ணிற நூல் போன்ற உருளைப்புழு. வளர்ந்தது ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். இது ஒரு கோழியின் கண்ணிலிருந்து மற்றொன்றுக்கு நேராகச் செல்வதில்லை. கண்ணீரோடு விழுங்கப்பட்ட முட்டைகள் எச்சத்தில் வெளியேற, அவற்றை மண்ணுள் வாழும் சுரினாம் கரப்பான் தின்ன, அந்தக் கரப்பானைக் கோழி கொத்தித் தின்ன, இரைப்பையில் விடுபட்ட இளம்புழு உணவுக்குழல் வழியே வாய்க்கு ஏறி, முன்சொன்ன கண்ணீர்க் குழாய் வழியாகக் கண்ணை அடைகிறது. விறகுக் குவியலும் ஈரக் குப்பையும் கூட்டை ஒட்டியிருக்கும் வீடுகளில் மட்டும் இதை எதிர்பார்க்கலாம். கால்நடை மருத்துவர் கண்ணை மரக்கச்செய்து இடுக்கியால் புழுவை எடுத்துவிடுவார். வீட்டில் ஊசியாலோ துடைப்பக் குச்சியாலோ அதை எடுக்க முயல்வது கண்ணை இழக்கும் வழி.

ஈரக் கூடும் புகையும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் கூடு நனைந்து, எச்சம் அள்ளப்படாமல் நாட்கள் கழிந்தால், எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் சிதைப்பதால் அம்மோனியா என்ற காரமான வளி எழுகிறது. காற்றில் அது பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டும்போது கோழியின் கண்ணும் மூச்சுப்பாதையும் பாதிக்கப்படத் தொடங்குகின்றன. பாதிக்கப்பட்ட பறவை தலையை இறக்கையின் தோளில் தேய்க்கும். இரு கண்களும் சிவந்து நீர் வடியும். கூட்டிலுள்ள எல்லாமே ஏறக்குறைய ஒரே நேரத்தில் இவ்வாறு இருக்கும். காலையில் கூட்டைத் திறந்தவுடன் குனிந்து, கோழியின் தலை உயரத்தில் மூச்சை இழுத்துப் பார்த்தால் போதும். மனிதரின் கண் உறுத்துமளவு கார நெடி இருந்தால் அது கோழிக்கு எப்போதோ மிகுந்துவிட்டது என்று பொருள். எச்சத்தை அள்ளி, உலர்ந்த மணலோ கடலைத் தோலோ பரப்பி, காற்றுப்போக்குக்கு வழிசெய்தால் இலேசான பாதிப்புகள் மருந்தின்றியே தணியும்.

பட்டாசுத் தொழில் சூழ்ந்த இவ்வூர்களுக்கு ஒரு தனிக் குறிப்பும் வேண்டியிருக்கிறது. கந்தகம் எரியும்போது எழும் வளி கண்ணீரில் கரைந்து அமிலமாவதால், கழிவுக் காகிதமோ மருந்து ஒட்டிய குப்பையோ எரியும் இடத்துக்குக் காற்றின் கீழ்ப்பக்கம் கூடு இருக்கலாகாது (அவற்றை எரிப்பதே மனித உயிருக்கு ஆபத்து என்பது வேறு). வெடியுப்போ கந்தகமோ அலுமினியத் தூளோ வந்த சாக்குகளைக் கூட்டின் தரையில் விரிப்பதும், குஞ்சுகளுக்குக் குளிர் மறைப்பாகக் கட்டுவதும் அறவே தவிர்க்கத்தக்கவை.

அம்மை

நாட்டுக்கோழியின் கண்ணைக் குருடாக்கும் நோய்களில் இவ்வட்டாரத்தில் முதலிடத்தில் வைத்து எண்ணத்தக்கது கோழி அம்மை. இது நச்சுயிரி எனப்படும் வைரஸால் வருவது. கொசு கடிப்பதாலும், கொத்துக் காயங்களின் வழியாகவும் பரவுகிறது. தண்ணீர்த் தட்டுப்பாடு நிலவும் இவ்வூர்களில் டிரம், குடம், சிமெண்டுத் தொட்டி எனக் கிடைத்தவற்றிலெல்லாம் நீரைத் தேக்கிவைப்பது தவிர்க்க இயலாத வழக்கமாக இருப்பதால், மழையில்லாத மாதங்களிலும் கொசுவுக்குக் குறைவில்லை. ஆகையால் அம்மைக்கும் பருவம் என்ற ஒன்று இங்கே தெளிவாக இல்லை. மூடியிட்ட தொட்டியும், மாலையில் கூட்டின் மீது போர்த்திய கொசுவலைத் துண்டும் எந்தப் பூச்சு மருந்தையும்விட மேலானவை.

நோய் இரு வடிவங்களில் வரும். தோல் அம்மையில் கொண்டை, தாடி, அலகின் ஓரம், இமை ஆகிய இறகில்லாத இடங்களில் முதலில் வெளிறிய புள்ளிகளும், பின் மஞ்சள் கொப்புளங்களும், இறுதியில் கரும்பழுப்புப் பொருக்குகளும் தோன்றும். வாய் அம்மையில் நாக்கிலும் தொண்டையிலும் வெண்மஞ்சள் படலம் படர்ந்து மூச்சை அடைக்கும். இதில் இறப்பு மிகுதி. தோல் அம்மை கண்ட கோழி பெரும்பாலும் அம்மையால் இறப்பதில்லை. இமைகளின் மேல் பொருக்கு இறுகி இரு கண்களும் ஒட்டிக்கொள்ள, தீவனமும் தண்ணீரும் எதிரில் இருந்தும் காணாமல், பசியாலும் தாகத்தாலும் இறக்கிறது. நச்சுயிரியைக் கொல்லும் மருந்து இந்நோய்க்கு இல்லை. பொருக்குகள் மூன்று, நான்கு வாரங்களில் தாமாக உதிரும். அதுவரை கோழியை உயிரோடு வைத்திருப்பதே மருத்துவத்தின் முழு நோக்கமும். நாளுக்கு மூன்று, நான்கு முறை நனைத்த கம்பு மாவையோ சோற்றையோ சிறு உருண்டைகளாக ஊட்டி, அலகின் நுனியைத் தண்ணீரில் தொட்டுக் குடிக்கச்செய்யும் வீடுகளில் பெரும்பாலான கோழிகள் தப்பிவிடுகின்றன.

வேப்பிலை, துளசி, மஞ்சள், சீரகம், பூண்டு ஆகியவற்றை அரைத்து வேப்பெண்ணெயில் குழைத்துப் பொருக்கின் மேல் பூசுவது தமிழகத்தில் மரபு மருத்துவமாகப் பரிந்துரைக்கப்பட்டு வருவது. பொருக்கை இளக்குவதோடு ஈயை அண்டவிடாமலும் அது தடுக்கும். ஆயினும் பூண்டும் வேப்பெண்ணெயும் விழியில் பட்டால் எரியுமாதலால், இமையோரத்தில் மட்டும் வெறும் தேங்காயெண்ணெயோ விளக்கெண்ணெயோ தடவுவது தக்கது. பொருக்கைப் பிய்த்தெடுப்பது கூடாது. குருதி கசிந்த இடத்தில் பாக்டீரியா புகுவதோடு, உதிர்ந்த பொருக்கினுள் நச்சுயிரி பல மாதங்கள் உயிர்ப்போடு இருந்து தரையைத் தொற்றிடமாக்கும். ஆகவே தானாக விழுந்த பொருக்குகளையும் கூட்டிக் கொளுத்திவிட வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் இறக்கை மடிப்பின் மெல்லிய சவ்வில் இரட்டைமுனை ஊசியால் குத்தப்படும் தடுப்பூசியே நிலையான காப்பு. ஏழு முதல் பத்து நாட்களுக்குள் குத்திய இடத்தில் சிறு முண்டு எழுந்திருந்தால் தடுப்பூசி பிடித்தது எனக் கொள்ளலாம். அம்மை மெதுவாகப் பரவும் நோயாதலால், ஓரிரு கோழிகளுக்குக் கண்டவுடனேயே நலமாக உள்ள மற்றவற்றுக்குத் தடுப்பூசி போடுவதும் பயன்தரும்.

சளி நோய்கள்

சந்தையிலிருந்து வாங்கிவந்த கோழி ஒன்றைச் சேர்த்த சில நாட்களுக்குள் பல கோழிகளின் முகம் ஒருசேர வீங்கி, மூக்கில் சளி வடிந்து, தலையருகே முகர்ந்தால் அழுகல் நாற்றம் வீசினால் அது கோரைசா என்ற தொற்றுச்சளியாக இருக்கக்கூடும். இதற்குக் காரணமான பாக்டீரியா உடலில் புகுந்து ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் நோயை வெளிப்படுத்திவிடுவதால் பரவல் மிக வேகமாகத் தெரியும். சல்ஃபா வகை மருந்துகள் அறிகுறிகளைத் தணிக்கும் என்றாலும், தேறிய கோழி கிருமியைத் தாங்கி மற்றவற்றுக்குத் தொடர்ந்து வழங்கிக்கொண்டிருக்கும்.

நாற்றம் இல்லாமல், கண்ணின் மூலையில் சோப்பு நுரை போன்ற குமிழ்கள் தேங்கி, இரவில் கூட்டிலிருந்து கரகரப்பொலி கேட்டால், மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வரும் நாட்பட்ட மூச்சுநோயை ஐயுற வேண்டும். மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவர் கிடையாது. செல்சுவரைத் தகர்ப்பதையே தொழிலாகக் கொண்ட பெனிசிலின் வகை மருந்துகள் இதனிடம் சிறிதும் செல்லுபடியாவதில்லை. டைலோசின், டாக்சிசைக்கிளின் போன்றவற்றை மருத்துவர் எழுதித்தருவார். இந்நோய் முட்டை வழியாகக் குஞ்சுக்கும் செல்வதால், நுரைக்கண் கண்ட கோழியின் முட்டையை அடைவைக்கலாகாது. நல்ல வித்துக்கோழி என்ற பற்றினால் இதைப் புறக்கணிப்பவர்கள் ஒவ்வோர் ஈட்டுக் குஞ்சுகளிலும் அதே நோயைத் திரும்பத் திரும்பக் காண்கின்றனர்.

புதிய பறவை எதுவாயினும் மூன்று வாரம் தனிக் கூட்டில், தனித் தண்ணீர்ச் சட்டியோடு வைத்த பின்னரே சேர்க்கப்பட வேண்டும். சளி நோய்கள் இரண்டும் பரவுவதற்குப் பொதுத் தண்ணீர்ச் சட்டி முதன்மையான வழியாகும்.

பசுமை இல்லாத தீவனம்

இரு இமைகளும் ஒட்டிக்கொண்டு, விலக்கினால் உள்ளே வெண்கட்டி திரண்டிருந்து, வாயின் மேலண்ணத்திலும் உணவுக்குழலிலும் குண்டூசித் தலையளவு வெண்கொப்புளங்கள் காணப்பட்டால் அது வைட்டமின் ஏ குறைவு. கண்ணையும் மூச்சுப்பாதையையும் ஈரமாக வைத்திருக்கும் படலம், இந்த உயிர்ச்சத்து இல்லாதபோது காய்ந்து தடித்துவிடுகிறது. அரிசிக் குருணையில் இச்சத்தோ அதற்கு மூலமான மஞ்சள் நிறமியோ இல்லை. வெள்ளைச் சோளத்தில் இருப்பது மிகச் சொற்பம். மழை பொய்த்த ஆண்டில் வேலியோரப் புல்லும் கருகிவிட, குருணையை மட்டும் நம்பியிருக்கும் அடைத்து வளர்க்கப்படும் கோழிகளுக்கு இது வருகிறது. மேயும் கோழிகளுக்கு அரிது. வீட்டு முருங்கையின் கீரையையோ அகத்தியையோ பொடியாக நறுக்கி நாள்தோறும் ஒரு கைப்பிடி போடுவதும், தானியத்தில் ஒரு பங்கை மஞ்சள் மக்காச்சோளமாக மாற்றுவதும் தடுப்பாக அமையும். நோய் கண்ட கோழிக்கு வைட்டமின் ஏ நீர்மத்தைக் குடிநீரில் கலந்து கொடுக்க வேண்டும். விழி ஏற்கெனவே சிதைந்திருந்தால் அது மீளாது.

உடனே தெரிவிக்க வேண்டியவை

கண்ணில் நீரோடு பச்சை கலந்த வெள்ளைக் கழிச்சல், கழுத்து முறுகல், இறக்கை தொங்கல் ஆகியன சேர்ந்து வந்தால் அது வெள்ளைக்கழிச்சல். 1920களின் இறுதியில் குமாவோன் மலையிலுள்ள ராணிக்கெட்டில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் ராணிக்கெட் நோய் என்றும் வழங்குகிறது. நோய் வந்தபின் மருந்தில்லை. ஐந்து முதல் ஏழு நாள் வயதுக் குஞ்சுக்குக் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டும், எட்டு வாரத்தில் ஊசியும் போடுவதே முறை. தமிழ்நாடு கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் இதற்கென இருவார முகாம் நடத்துகிறது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கிய குருணை வடிவத் தடுப்பு மருந்தைத் தீவனமாகவே கொடுக்கலாம். கண்சொட்டு இட்ட சில நாட்களில் குஞ்சுக்கு இலேசான கண்சிவப்பும் தும்மலும் தோன்றுவது மருந்தின் விளைவேயன்றி நோயன்று. இந்த நச்சுயிரி மனிதர் கண்ணிலும் சில நாள் சிவப்பை உண்டாக்குமாதலால், சொட்டு விட்ட கையால் கண்ணைத் தேய்க்கக் கூடாது.

முகம் வீங்கி, கொண்டை நீலம் பாய்ந்து, ஒரே இரவில் பல கோழிகள் இறந்துகிடந்தால் பறவைக் காய்ச்சலை விலக்கி எண்ண இயலாது. இந்தியாவில் அது முதன்முதலாக 2006 பிப்ரவரியில் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் கோழிகளில் உறுதிசெய்யப்பட்டது. இறந்தவற்றை அறுக்காமல், விற்காமல், கால்நடை மருந்தகத்துக்கோ 1962 என்ற எண்ணுக்கோ தெரிவிக்க வேண்டும். விழியின் நிறவட்டம் சாம்பல் பூத்து, கண்மணி ஒழுங்கற்றுச் சுருங்கியிருப்பது மேரக் நோயின் அடையாளம். அதற்கும் மருத்துவம் இல்லை.

கழுவும் முறை

அரை லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அதில் தலை தட்டிய ஒரு சிறுகரண்டி உப்பைக் கரைத்தால் கண்ணீரின் செறிவுக்கு நெருங்கிய கழுவுநீர் கிடைக்கும். வெதுவெதுப்பான அந்நீரில் நனைத்த பஞ்சை மூடிய இமையின் மேல் ஐந்து நிமிடம் வைத்திருந்து, இளகிய பின்னரே இமைகளை விலக்க வேண்டும். உள்ளே கட்டி தெரிந்தால், ஈரப் பஞ்சால் இமையின் வெளிப்புறத்தை மெல்ல உருட்டி மூலைக்கு நகர்த்த அது முழுதாக வெளிவரும். வராவிடில் வலிந்து இழுக்காமல் மறுநாளைக்கு விட்டுவிட வேண்டும். ஒரு கண்ணுக்குப் பயன்படுத்திய பஞ்சு மறு கண்ணைத் தொடலாகாது. கன்னக் காற்றறையில் இறுகிய சீழைப் பிளேடால் கீறி எடுப்பது சிலர் கைக்கொள்ளும் முறையாயினும், அங்கே குருதிக் குழாய்கள் மிகுதியாக இருப்பதால் அது மருத்துவரின் கையில் விடப்பட வேண்டிய செயல்.

வீட்டில் எஞ்சிய மனிதக் கண்மருந்துகளில் இரண்டு வகை ஆபத்தானவை. டெக்சாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்தவை, விழிப்படலத்தில் கீறல் இருந்தால் அதைத் துளையாக்கிவிடும். குளோராம்ஃபெனிக்கால் கலந்தவை, முட்டைக்கும் இறைச்சிக்கும் வளர்க்கப்படும் விலங்குகளுக்குத் தடைசெய்யப்பட்டவை. வேறெந்த மருந்து கொடுத்தாலும் எத்தனை நாள் முட்டையையும் இறைச்சியையும் உண்ணக்கூடாது என்பதை எழுதித்தருபவரிடமே கேட்டறிய வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய், புகையிலைச் சாறு ஆகியன கண்ணில் விடப்படுவது இன்னும் சில இடங்களில் உண்டு. அவை நோயைவிட விரைவாகக் கண்ணை அழிப்பவை.

ஒரு கண் முற்றிலும் போன கோழி பயனற்றதன்று. முட்டையிடுவதிலும் அடைகாப்பதிலும் அது குறைவதில்லை. தீவனச் சட்டி பார்வையுள்ள பக்கத்தில் இருக்குமாறும், மற்றவை அதை முந்தித் தள்ளாமல் தனியே தின்னுமாறும் சில நாட்கள் பார்த்துக்கொண்டால் அது பழகிவிடும். பருந்தும் வல்லூறும் குருட்டுப் பக்கத்திலிருந்தே வந்து அடிக்குமாதலால், திறந்த கரிசல் காட்டில் விடாமல் வீட்டு நிழலில், மரத்தடியில் மட்டும் அதை மேயவிட வேண்டும்.